ஆடும் சிலிண்டர் நீராவி எஞ்சின் (16 × 20): வரைபடங்கள் போட்டிருக்கிறேன், பார்த்துத் திருத்தம் சொல்லுங்கள்

கெடிலக்கரை | கடலூர், திருப்பாதிரிப்புலியூர்

எல்லோருக்கும் வணக்கம். சின்ன நீராவி எஞ்சின் ஒன்றின் வரைபடங்களை இணைத்திருக்கிறேன். ஐந்து தாள். பி.டி.எஃப்., டி.எக்ஸ்.எஃப். (கணினி வரைபடக் கோப்பு) இரண்டும் உண்டு. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எஞ்சின் என் மாமனார் செய்தது. புதுச்சேரியில் மில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஷிஃப்ட் முடிந்து வந்து வீட்டு மாடியில் கடைந்து செய்த பொருள் இது, இன்னும் ஓடுகிறது. வரைபடம்தான் பாவம். பழைய அம்மோனியா பிரிண்ட், மடித்த இடமெல்லாம் கிழிந்து, பாதி அளவுகள் மங்கிவிட்டன. எல்லாமே அங்குலமும் நூலும். உள்விட்டம் ஐந்து நூல், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) ஆறு நூல் என்று எழுதியிருக்கிறார். ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம், 3.175 மி.மீ. அதைப் பார்த்தும் எஞ்சினைக் கழற்றி அளந்தும், கைக்கு வரக்கூடிய முழு மில்லிமீட்டருக்கு மாற்றி வரைந்தேன்.

புதிதாக வருபவர்களுக்கு: இதில் தனி வால்வு கிடையாது. சிலிண்டரே ஒரு பிவட்டில் (ஊசலச்சில்) இடமும் வலமும் ஆடும். ஆடும்போது அதன் துளை (போர்ட்) ஒரு பக்கம் நீராவித் துளைக்கு நேராக வரும், மறுபக்கம் வெளியேற்றும் துளைக்கு நேராக வரும். பிஸ்டன் ராடு நேரே கிராங்க் பின்னில் மாட்டியிருக்கும். முதல் எஞ்சின் செய்பவர்களுக்கு இதைவிட எளிது எதுவும் இல்லை.

முக்கிய அளவுகள் (மி.மீ.): உள்விட்டம் 16, ஸ்ட்ரோக் 20, கிராங்க் மையத்திலிருந்து பிவட் 50, பிவட்டிலிருந்து சிலிண்டர் போர்ட் 15, போர்ட் துளை 2.5, ஃபிளைவீல் 75. ஒரு பக்கம் மட்டும் நீராவி தள்ளும் வகை.

நான் கேட்பது ஒன்றுதான். எனக்குப் போன் போடாமல், இந்த ஐந்து தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் எஞ்சின் செய்துவிட முடியுமா? முடியாது என்றால் எங்கே நிற்கிறது?

---

முதுநகர்_லேத் | கடலூர்

அண்ணே, நல்ல வேலை. நேற்றே பிரிண்ட் எடுத்துவிட்டேன், முதல் தடங்கலும் அங்கேயே வந்துவிட்டது. நீங்கள் வரைந்தது ஏ3. ஜெராக்ஸ் கடைப் பையன் தாளுக்கு அடங்கும்படி ஏ4-ல் அடித்துக் கொடுத்துவிட்டான். ஃபிளைவீல் மேல் ஸ்கேலை வைத்தால் 53 காட்டுகிறது. எழுதியிருப்பது 75. எனக்குத் தெரியும், நான் எழுத்தைத்தான் நம்புவேன். ஆனால் என்னிடம் வேலை பழகும் பையன் வெர்னியரைத் தாள் மேலேயே வைப்பான்.

அடுத்தது, 16 என்று போட்டிருக்கிறீர்கள். எந்த 16? சிலிண்டரும் 16, பிஸ்டனும் 16 என்று எழுதினால் ஒன்றுக்குள் ஒன்று போகாது. எவ்வளவு விட வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி விடுவார்கள்.

கடைசியாக ஒரு யோசனை. போர்ட் துளை ஏன் 2.5? 3.2 ஆக்கிவிடுங்கள். அந்த பிட்டு எல்லார் கையிலும் இருக்கும், நீராவியும் தாராளமாகப் போகும், வேகமும் கூடும்.

---

வில்லியனூர்_டிராயிங் | புதுச்சேரி

தம்பி கெடிலக்கரை, கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. முப்பது வருடம் டிராயிங் போர்டு முன்னால் நின்றவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் இரண்டாம் தாளில் முன்தோற்றத்துக்குக் கீழே மேல்தோற்றம் இருக்கிறது. அது முதல் கோண முறை, நம் ஐ.டி.ஐ.-யிலும் பாலிடெக்னிக்கிலும் சொல்லித் தருவது அதுதான். இந்தியத் தர நிறுவனத்தின் எஸ்.பி. 46 கையேடும் அதையே வைத்திருக்கிறது. நாலாம் தாளுக்கு வந்தால் மேல்தோற்றம் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது மூன்றாம் கோணம், அமெரிக்கக்காரர்கள் வரைவது. உங்கள் மென்பொருளின் டெம்ப்ளேட் அங்கே தன் வேலையைக் காட்டியிருக்கிறது. ஒரே தொகுப்பில் இரண்டு முறை வரவே கூடாது. எந்த முறையானாலும் தலைப்புக் கட்டத்தில் அந்த வெட்டிய கூம்பு அடையாளம் கட்டாயம் வேண்டும். அதைப் பார்க்காமல் நாலாம் தாளை முதல் கோணம் என்று நினைத்து ஒருவர் போர்ட் பிளாக் (நீராவித் துளையும் வெளியேற்றும் துளையும் உள்ள கட்டை) செய்தால், நீராவி நுழையும் துளை இடது வலது மாறிப்போகும்.

போர்ட் பிளாக்கில் இரண்டு துளைகளுக்கும் 11.54 டிகிரி என்று கோணம் கொடுத்திருக்கிறீர்கள். கணக்கு சரி. ஆனால் எந்தப் பட்டறையில் அதை வைத்துத் துளை போடுவார்கள்? பிவட் மையத்திலிருந்து பக்கவாட்டில் 3.0, உயரத்தில் 14.7 என்று எழுதுங்கள். உயரம் 15 அல்ல, கவனியுங்கள். துளைகள் 15 மி.மீ. ஆரமுள்ள வில்லின் மேல் இருப்பதால் 0.3 இறங்கும். தாள் மட்டும் பார்ப்பவர் 15 என்றே எடுத்துக்கொள்வார்.

பிஸ்டன் விஷயத்தில் முதுநகர்க்காரர் கேட்டது நியாயம். உள்விட்டத்துக்கு 16 எச்7 போடுங்கள், அதாவது 16.000 முதல் 16.018 வரை. பிஸ்டனை 15.97 முதல் 15.98 வரை என்று எண்ணாகவே எழுதிவிடுங்கள். கிராங்க் தண்டுக்கும் அதன் புஷ்ஷுக்கும் எச்7, ஜி6 பொருத்தம் (தண்டு சுற்ற மட்டும் இடம் விடுவது) போதும். மற்ற எந்த அளவுக்கும் துல்லியம் கேட்காதீர்கள். அடிப்பலகைக்கு ப்ளஸ் ஆர் மைனஸ் 0.05 போட்டிருக்கிறீர்களே, எதற்கு? அது அரை மில்லி தவறினாலும் எஞ்சினுக்குத் தெரியாது. தேவையில்லாத இடத்தில் துல்லியம் கேட்கும் வரைபடத்தைப் பார்த்தால், தேவையான இடத்தில் கேட்பதையும் லேத்காரர் நம்ப மாட்டார்.

பிரிண்ட் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு, அதன் மேல் 100 என்று எழுதுங்கள். பிரிண்ட் வந்ததும் ஸ்கேலை வைக்கும்போது 71 காட்டினால், தாள் சுருங்கியது உடனே தெரியும். "தாளை அளக்காதே, எழுதிய அளவைப் பார்" என்று ஒரு வரியும் சேருங்கள்.

டி.எக்ஸ்.எஃப். கோப்பில் அலகு என்னவென்று பதியாமல் சேமித்திருக்கிறீர்கள். லேசர் கட்டிங் கடை மென்பொருள் அதை அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் 25.4 மடங்கு பெரிதாகிவிடும். அடிப்பலகை கட்டில் அளவுக்கு வரும்.

---

கெடிலக்கரை

ஐயா, ரொம்ப நன்றி. எல்லாத் தாளையும் முதல் கோணத்துக்கே கொண்டுவருகிறேன். 14.7 விஷயம் மாமனாரின் பிரிண்டில் வில்லாகவே வரைந்திருந்தது, நான் கோணமாக்கியதில் அது மறைந்துவிட்டது.

போர்ட் 3.2 பற்றி எனக்கு உறுதியில்லை. அவர் போட்டது 3/32 அங்குலம், அதாவது 2.38. அதைத்தான் 2.5 ஆக்கினேன். பெரிதாக்கலாமா?

---

காலாப்பட்டு_மெக் | புதுச்சேரி

முதுநகர் அண்ணா, 3.2 போடாதீர்கள். கணக்கு சின்னதுதான்.

சிலிண்டர் அதிகபட்சம் எவ்வளவு சாயும்? கிராங்க் ஆரத்தை, கிராங்க் மையத்துக்கும் பிவட்டுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் அந்தக் கோணத்தின் சைன் வரும். 10 ÷ 50 = 0.2. போர்ட் பிவட்டிலிருந்து 15 தள்ளி இருக்கிறது. ஆக அது பக்கவாட்டில் நகரும் தூரம் 15 × 0.2 = 3 மி.மீ. பிளாக்கில் இரண்டு துளைகளும் நடுக்கோட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி இருப்பது இதனால்தான்.

பிஸ்டன் மேல் முனையிலோ கீழ் முனையிலோ இருக்கும்போது சிலிண்டர் நேராக நிற்கும். அப்போது சிலிண்டர் போர்ட் இரண்டு துளைகளுக்கும் நடுவில், எதையும் தொடாமல் இருக்க வேண்டும். மையத்துக்கு மையம் 3 மி.மீ.தான் இருக்கிறது. எல்லாத் துளையும் 3.2 என்றால் இரண்டு பக்கமும் 0.2 ஒன்றின் மேல் ஒன்று ஏறும். நீராவி உள்ளே வந்த கையோடு சிலிண்டர் போர்ட் வழியாகவே எக்ஸாஸ்ட்டுக்குப் போய்விடும். ஃபிளைவீல் நகராது, புஸ்ஸென்று சத்தம்தான் வரும்.

2.5 என்றால் 0.5 மி.மீ. மூடிய இடம் கிடைக்கிறது. மேல் முனையில் கிராங்க் சுமார் 8 டிகிரி திரும்பிய பிறகு போர்ட் திறக்கும், கீழ் முனையில் சுமார் 11 டிகிரி. சிலிண்டர் மேல் முனையில் வேகமாக ஆடும், கீழே மெதுவாக ஆடும், அதனால் இந்த வித்தியாசம். பெரியவர் போட்ட 2.38 கண்மதிப்பில் போட்டதாகத் தெரியவில்லை. அவருடைய அங்குல அளவுகளை வைத்துப் பார்த்தாலும் நகரும் தூரம் 2.98 தான் வருகிறது.

பெரிய போர்ட் கட்டாயம் வேண்டும் என்றால் 15-ஐ 18 ஆக்கலாம், நகர்வு 3.6 கிடைக்கும். சிலிண்டரும் அந்த அளவுக்கு நீளமாகும்.

---

முதுநகர்_லேத்

சரிம்மா, ஒத்துக்கொள்கிறேன். 2.5 பிட்டு எம்3 டேப் (மரை வெட்டும் கருவி) போட எப்படியும் வைத்திருப்போம், செலவு இல்லை.

டிராயிங் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. பிளாக் இடது வலது மாறினால் எஞ்சின் கெடாது, எதிர்த்திசையில் சுற்றும், அவ்வளவுதான். இரண்டு துளையும் ஒரே அளவு, ஒரே தூரம். நீராவிக் குழாயையும் எக்ஸாஸ்டையும் மாற்றி மாட்டினாலே ரிவர்ஸ் ஓடும்.

---

வில்லியனூர்_டிராயிங்

இந்த எஞ்சினில் தப்பித்தீர்கள். டி-வால்வும் (சறுக்கு வால்வு) அதை ஆட்டும் எக்சென்ட்ரிக்கும் உள்ள எஞ்சினில் ஸ்டீம் செஸ்ட்டை (வால்வுப் பெட்டியை) மாற்றிக் கடைந்துவிட்டு இதே வார்த்தையைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

---

சண்டே_மார்க்கெட் | புதுச்சேரி

எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறீர்கள், சந்தோஷம். எனக்கு ஒரு கேள்வி. இத்தனை உழைத்து வரைந்ததை ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? நாளைக்கே எவனாவது இந்தத் தாளை வைத்துப் பித்தளையில் நூறு செட் கடைந்து ஆன்லைனில் கிட் என்று விற்பான். மாமனார் பெயர்கூட அதில் இருக்காது. எம்.ஜி. ரோடு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பொருள் வாங்கி விற்பவன் நான், எது எப்படிக் கைமாறும் என்று தெரியும். தாளுக்குக் குறுக்கே பெயரைப் பெரிதாக அடியுங்கள், அளவுகளில் நாலைந்தை மறையுங்கள், கேட்பவர்களுக்கு மட்டும் காசுக்குக் கொடுங்கள்.

---

காலாப்பட்டு_மெக்

அளவை மறைத்தால் அது வரைபடமே இல்லையே.

எங்கள் வகுப்பில் இந்தச் சட்டம் வந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரைபடமும் கலைப்படைப்பு வகையில் வருகிறது. வரைந்தவர் வாழ்நாளும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டும் உரிமை உண்டு. ஆனால் 2012-ல் 52-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு சேர்த்தார்கள். பயன்படும் கருவி ஒன்றின் முழுக்கச் செயல்பாட்டுக்கான பாகத்தை, தொழில்நுட்ப வரைபடத்தைப் பார்த்து முப்பரிமாணப் பொருளாகச் செய்தால் அது பதிப்புரிமை மீறல் ஆகாது. அதாவது தாளை அப்படியே நகலெடுத்து விற்பவனைக் கேட்கலாம். தாளைப் பார்த்து கிராங்க் கடைந்து விற்பவனை இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்பது கடினம். குறுக்கே பெயர் அடிப்பதால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அளவு படிக்க முடியாமல் திண்டாடப்போவது நாம்தான்.

---

கெடிலக்கரை

மாமனாருக்குப் பிறகு 60 ஆண்டு என்றால் அந்த அம்மோனியா பிரிண்டின் உரிமை என் மனைவியிடமும் மச்சானிடமும் இருக்கிறது. வீட்டில் கேட்டேன். "அப்பா பெயரைப் போட்டால் போதும், யார் வேண்டுமானாலும் செய்யட்டும்" என்றாள். மச்சானும் சரி என்றுவிட்டார். ஆகவே தலைப்புக் கட்டத்தில் அவர் பெயரும், "பெயரோடு பகிரலாம், தாளை விற்கக் கூடாது" என்ற வரியும் வரும். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

---

பாய்லர்_தாத்தா | நெய்வேலி

தாமதமாக வந்தேன். அனல் மின் நிலையத்தில் பாய்லர் பக்கமே காலம் கழித்தவன். ஐந்து தாளையும் பார்த்தேன், பாய்லர் தாள் எங்கே?

இல்லை என்றால் நல்லது, ஆனால் இல்லை என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? எஞ்சினைச் செய்து முடித்தவன் அன்று இரவே சமையலறைக்குப் போய்க் குக்கரை எடுப்பான். வெயிட்டைக் கழற்றிவிட்டு அந்தக் குழாயிலேயே ரப்பர் ஹோஸைச் சொருகுவான். அந்த வெயிட்தான் குக்கரின் முதல் பாதுகாப்பு. அதைக் கழற்றி, எஞ்சினுக்குப் போகும் வழியும் அடைபட்டால், மிச்சம் இருப்பது மூடியில் உள்ள சேஃப்டி பிளக் ஒன்றுதான்.

குக்கர் சுமார் 1 பாரில், 120 டிகிரியில் நிற்கும். அதற்குள் நாலு லிட்டர் தண்ணீர் இருந்தால், மூடி பிய்த்துக்கொண்டு போகும் நொடியில் அதில் ஏறத்தாழ 150 கிராம் உடனே ஆவியாகும். அது 250 லிட்டர் நீராவி. காற்றடைத்த டப்பா வெடிப்பதும் இதுவும் ஒன்றல்ல. தண்ணீருக்குள் சேர்ந்திருக்கும் சூடுதான் இங்கே ஆபத்து. ஆகவே பாய்லர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

இந்த எஞ்சினுக்கு 50 மி.மீ. விட்டம், 120 நீளம், 16 கேஜ் செம்புக் குழாய் போதும். வேலை அழுத்தம் 2 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்ச் சுவர் அதைத் தூசுபோலத் தாங்கும், கணக்குப் போட்டால் ஒரு சதுர மில்லிக்கு அரைக் கிலோகூட வராது. பிரச்சினை இரண்டு முனைத் தட்டுகளில். தட்டையான மூடி ஒவ்வொன்றின் மேலும் 2 பாரில் சுமார் 40 கிலோ தள்ளும். டெஸ்ட்டில் அழுத்தத்தை இரட்டிப்பாக்குவோம், அப்போது 80 கிலோ, ஒரு வாட்டசாட்டமான ஆள் அந்தச் சின்ன வட்டத்தின் மேல் ஏறி நிற்பதற்குச் சமம். அதனால் தட்டின் ஓரத்தை மடித்து உள்ளே செருக வேண்டும். நடுவில் ஒரு ஸ்டே ராடு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போக வேண்டும்.

இணைப்பு சில்வர் பிரேசிங்தான் (வெள்ளி கலந்த ராடால் பற்றவைப்பது). ஈயப்பற்று வேண்டவே வேண்டாம். சாதாரண ஈயப்பற்று 183 டிகிரியில் உருக ஆரம்பிக்கும், அதற்கு முன்பே பலம் போய்விடும். 2 பாரில் நீராவி 134 டிகிரி. தண்ணீர் வற்றிய பாய்லரின் அடி அதைவிட எங்கேயோ போய்விடும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வைத்திருக்கும் பாஸ்பரஸ் கலந்த ராடு செம்புக்குச் செம்பு நன்றாகப் பிடிக்கும், கேஸ் அடுப்பு என்றால் ஓட்டலாம். கரி போட்டு எரிப்பதானால் கந்தகம் அந்த இணைப்பை அரித்துவிடும், அங்கே வெள்ளி கூடிய ராடும் வெங்காரமும்தான். ராடு வாங்கும்போது கேட்மியம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள், அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். பற்றவைத்த பிறகு எலுமிச்சை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் கருப்பு எல்லாம் போய்விடும், ஊசித்துளை இருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

டெஸ்ட் எப்போதும் தண்ணீரில். உள்ளே ஒரு குமிழ் காற்றுகூட இல்லாமல் நிரப்பி, பிளம்பர்கள் குழாய் சோதிக்கும் கைப்பம்பால் 4 பார் ஏற்றி நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் சுருங்காது, விரிசல் விட்டால் சொட்டுவதோடு நின்றுவிடும். கம்ப்ரசர் காற்றில் டெஸ்ட் செய்பவர்கள் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன்.

சட்டம் பற்றி யாராவது கேட்பீர்கள். 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு பாய்லர் சட்டத்தின் கீழ் வராது. அதனால் இன்ஸ்பெக்டர் வர மாட்டார். உங்களைப் பார்க்க ஒருவரும் வர மாட்டார் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

---

நோணாங்குப்பம்_படகு | புதுச்சேரி

சுண்ணாம்பாற்றில் விட ஒரு மாடல் படகு வைத்திருக்கிறேன், முக்கால் மீட்டர். இந்த எஞ்சின் இழுக்குமா? எவ்வளவு நேரம் ஓடும்?

---

காலாப்பட்டு_மெக்

சராசரி அழுத்தம் 1 பார் என்று எடுத்தால் பிஸ்டன் மேல் 20 நியூட்டன். ஒரு சுற்றுக்கு 0.4 ஜூல். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் 2 வாட். மெதுவாகப் போகும் படகுக்குப் போதும், காற்று எதிரே அடித்தால் நின்றுவிடும்.

நீராவிக் கணக்கு: ஒரு சுற்றுக்கு 4 கன செ.மீ., நிமிடத்துக்கு 1.2 லிட்டர். 1 பாரில் அது சுமார் 1.4 கிராம் தண்ணீர். சிலிண்டர் சுவரில் குளிர்ந்து வீணாவதையும் கசிவையும் சேர்த்தால் இரண்டு மூன்று மடங்கு ஆகும். நிமிடத்துக்கு 4 கிராம் என்று வைத்தால், தாத்தா சொன்ன பாய்லரில் 100 மி.லி. செலவழிக்க 25 நிமிடம். வற்றுவதற்கு முன் கரைக்கு வந்துவிட வேண்டும்.

---

முதுநகர்_லேத்

செய்துவிட்டேன். பழைய தாளில், நீங்கள் எல்லாரும் சொன்ன திருத்தத்தைப் பேனாவால் எழுதிக்கொண்டு. அண்ணனுக்குப் போன் போடவில்லை. எங்கே நின்றேன் என்று சொல்கிறேன்.

சிலிண்டருக்கு 25 மி.மீ. சதுரப் பித்தளை. நாலு தாடை சக்கில் பிடித்து 15.5 துளை போட்டு, போரிங் டூலால் கொஞ்சம் எடுத்து, கடைசியில் அளவைச் சரியாக்க ரீமர். அது சிக்கல் இல்லை. சிக்கல் பிவட்டில். உள்விட்டம் போக ஒரு பக்கச் சுவர் 4.5 மி.மீ.தான் மிச்சம். அதில் எம்4 மரை போடச் சொல்கிறது தாள், ஆழம் எவ்வளவு என்று சொல்லவில்லை. 3.3 பிட்டு கொஞ்சம் அதிகம் இறங்கினாலும் சிலிண்டருக்குள் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான், துண்டு குப்பைக்குப் போகும். பிட்டின் கூம்பு முனையையும் சேர்த்து 4.0-க்கு மேல் போகக் கூடாது என்று தாளில் எழுதுங்கள். நான் பிட்டில் ஒரு பித்தளை வளையத்தை ஸ்டாப்பராக மாட்டிக்கொண்டு போட்டேன்.

15 மி.மீ. தூரத்துக்கு ஒரு வழி: 3 மி.மீ. பட்டையில் 15 தூரத்தில் இரண்டு துளை போட்டு ஜிக் (துளை போட வழிகாட்டும் அச்சு) செய்துகொண்டேன். அதே ஜிக்கை வைத்துத்தான் சிலிண்டர் போர்ட்டும் போட்டேன், பிளாக்கில் வில்லின் மேல் இரண்டு துளையும் போட்டேன். ஜிக்கில் 15 என்பது 15.1 ஆக இருந்தாலும் கவலை இல்லை, இரண்டு பாகத்திலும் அதே 15.1 வரும். இதை ஆறாவது தாளாகப் போடுங்கள் அண்ணே. துளை இடத்துக்கு டாலரன்ஸ் எழுதுவதைவிட இது மேல்.

உரசும் முகம் இரண்டும் கண்ணாடி மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது, 400, 800, 1200 என்று. எட்டு போடுவது மாதிரி சுற்றித் தேய்க்க வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் ஓரம் மழுங்கும். பிவட்டைச் சுற்றி ஒரு பள்ளம் கடைந்துவிட்டேன், அப்போதுதான் ஓரங்கள் ஒட்டி உட்காரும். பெரியவர் எஞ்சினிலும் இந்தப் பள்ளம் இருக்கும், பாருங்கள். தாளில் இல்லை.

எதிர்ப் பஞ்சர் கடையில் கம்ப்ரசரைக் குறைத்து வைத்துக் காற்று கொடுத்தோம். சிலிண்டரைப் பிளாக்கோடு அழுத்தும் ஸ்ப்ரிங்கின் நட்டை இறுக்கினால் நின்றது, தளர்த்தினால் முகத்தில் சீறியது. சீறல் நிற்கும் இடத்தில் விட்டதும் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் டியூபைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார், வண்டிக்காரர் கத்தும்வரை.

ஒரு மாற்றம் மட்டும் நானாகச் செய்தேன். பிஸ்டனுக்குத் தெஃப்லான் ராடு போட்டேன். வழுக்கிக்கொண்டு போகிறது, எண்ணெயே வேண்டாம்.

---

பாய்லர்_தாத்தா

தம்பி, அருமை. ஆனால் அந்தத் தெஃப்லானோடு நீராவி கொடுக்காதீர்கள். காற்றில் ஓடியது சரி, அது குளிர்ந்த காற்று. 30 டிகிரியிலிருந்து 120-க்குப் போகும்போது 16 மி.மீ. பித்தளை 0.03 தான் பெருக்கும். தெஃப்லான் சுமார் 0.2 பெருக்கும். நீங்கள் விட்ட இடைவெளியெல்லாம் போய் சிலிண்டருக்குள் இறுகிவிடும், ஆறினால் மறுபடி லூஸாகும். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஏன் நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

கன்மெட்டல் (வெண்கல வகை) பிஸ்டன் போடுங்கள். நடுவில் 2.5 மி.மீ. அகலக் காடி வெட்டி, கிராஃபைட் கயிறு சுற்றுங்கள். பம்ப் கிளாண்டுக்குப் போடும் அதே கயிறு, பிரித்து ஒரு இழை போதும். வார்ப்பிரும்பு இன்னும் நன்றாக உழைக்கும். ஆனால் முதுநகரில் துறைமுகக் காற்றில் ஒரு வாரம் ஓட்டாமல் வைத்தால் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கிராங்க் தண்டுக்கும் எம்.எஸ். (சாதாரண எஃகு) வேண்டாம், ஸ்டெயின்லெஸ் 304 போடுங்கள். ஓட்டி முடித்ததும் சூடாக இருக்கும்போதே தண்ணீரை வடித்துவிட்டு, நாலு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வையுங்கள்.

---

கெடிலக்கரை

திருத்திய தொகுப்பு 'பி', இந்த இழையின் முதல் பதிவில் இருக்கிறது. பழையதை எடுத்துவிடவில்லை, 'ஏ' என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறேன். ஏற்கெனவே இறக்கியவர்கள் எது மாறியது என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஏ, பி என்ற எழுத்தும் மாற்றப் பட்டியலும் உண்டு.

எல்லாம் முதல் கோணம், கூம்பு அடையாளத்தோடு. 100 மி.மீ. கோடு போட்டாகிவிட்டது. டி.எக்ஸ்.எஃப்.பில் அலகு மில்லிமீட்டர் என்று பதிந்திருக்கிறேன். பிவட் துளை ஆழமும் முகத்துப் பள்ளமும் இரண்டாம் தாளில். பள்ளம் பெரியவர் எஞ்சினில் இருக்கத்தான் செய்கிறது, முதுநகர்க்காரர் சொன்ன பிறகு கழற்றிப் பார்த்தேன், 0.3 ஆழம். பிஸ்டன் தாளில் "தெஃப்லான் கூடாது" என்று ஒரு வரி. ஜிக் ஆறாம் தாள், அதில் முதுநகர்_லேத் என்று பெயர் போட்டிருக்கிறேன்.

பாய்லர் தாள் இந்தத் தொகுப்பில் இல்லை என்று முதல் தாளிலேயே பெரிதாக எழுதிவிட்டேன். தாத்தா சம்மதித்தால் அவர் சொன்ன 50 × 120 பாய்லரைத் தனி இழையாக, டெஸ்ட் முறையோடு சேர்த்துப் போடலாம். இரண்டையும் ஒரே கோப்பில் வைக்க எனக்கு மனமில்லை. எஞ்சினைத் தப்பாகச் செய்தால் ஓடாது, அவ்வளவுதான். பாய்லர் அப்படி இல்லை.

---

பாய்லர்_தாத்தா

சம்மதம். கையால்தான் வரைவேன், வில்லியனூர்க்காரர் சுத்தப் பிரதி எடுத்துத் தர வேண்டும்.

---

வில்லியனூர்_டிராயிங்

அனுப்புங்கள் ஐயா. மொபைலில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், ஓரம் சாய்ந்து வட்டமெல்லாம் முட்டையாகத் தெரியும். கடையில் ஸ்கேனரில் படுக்க வைத்து 300 டி.பி.ஐ.-யில் எடுங்கள்.

---

நோணாங்குப்பம்_படகு

'பி' தொகுப்பை இறக்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: பிவட் துளை 4.0 ஆழம்தான் என்றால் எம்4 டேப் அடிவரை மரை வெட்டாதே? முனை கூம்பாக இருக்கிறதே, இரண்டு மரைகூட வராது போலிருக்கிறது.

---

முதுநகர்_லேத்

மூன்று டேப் செட்டாக வாங்குங்கள், ஒற்றை டேப் வாங்காதீர்கள். முதல் டேப் வழி காட்ட, இரண்டாவது ஆழம் போக, மூன்றாவது அடிவரை வெட்ட. அந்த மூன்றாவதன் முனையையும் கிரைண்டரில் தட்டையாகத் தேய்த்துவிடுங்கள், தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும், நீலம் பாரித்தால் டேப் போச்சு. நாலு மரை கிடைக்கும். பிவட் ஸ்டட்டைக் கடைசியாக லாக்டைட் (மரைப் பசை) போட்டு முடுக்குங்கள், சூடு தாங்கும் வகை என்று கேட்டு. ஸ்டட்டின் நுனி சிலிண்டர் சுவரை நெம்பாத மாதிரி அரை மில்லி முன்னாலேயே நிறுத்துங்கள்.